காந்தம், தராசு, கொஞ்சம் சந்தேகம்

நான் நாணயம் சேர்ப்பவன் என்பது எங்கள் தெம்பனிஸ் புளோக்கில் பலருக்கும் தெரியும். அதனால் வாரத்துக்கு இரண்டு மூன்று படங்களாவது வாட்ஸ்அப்பில் வந்துவிடும். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “இதில் ஏதோ பிழை இருக்கிறதாம், எவ்வளவுக்குப் போகும்?”

விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நான் வேறொன்றைக் கேட்பேன். நாணயத்துக்கு அந்தக் கோலம் அச்சகத்துக்குள் வந்ததா, வெளியே வந்த பிறகு வந்ததா? சேகரிப்பவர்கள் மதிப்பது அச்சகத்துக்குள் நடந்த தவற்றைத்தான். வெளியே நடந்தது வெறும் சேதம். சலவை இயந்திரத்தில் சுற்றி விளிம்பு மழுங்கிய 20 காசு, அமிலத்தில் ஊறி எழுத்து கரைந்த 10 காசு, சுத்தியலால் நடுப்பகுதி தட்டி எடுக்கப்பட்ட ஒரு வெள்ளி எல்லாமே ‘அபூர்வம்’ என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன.

நாணயம் உருவாகும் விதம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுகிறார்கள். அவற்றின் ஓரத்தை அழுத்தி விளிம்பு எழுப்புகிறார்கள். பிறகு மேலும் கீழும் இரண்டு அச்சுகள், சுற்றிலும் ஒரு வளையம், நடுவே வில்லை. ஒரே அழுத்தில் நாணயம் பிறக்கிறது. ஆகவே பிழை மூன்று இடங்களில்தான் நேர முடியும்: வில்லையில், அச்சில், அழுத்தும் கணத்தில். கையிலிருக்கும் நாணயத்தின் குறை இந்த மூன்றில் எதில் நேர்ந்தது என்று சொல்ல முடியாவிட்டால், அது அச்சகத்தில் நேர்ந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஓரத்தில் பிறை வடிவில் கடித்தது போன்ற நாணயத்தைப் பாருங்கள். வில்லை வெட்டும்போதே தகடு சரியாக நகராமல், ஏற்கெனவே வெட்டிய துளையின் மேல் கத்தி மறுபடி விழுந்தால் இப்படி ஆகும். அப்படி என்றால் கடிபட்ட இடத்துக்கு நேர் எதிர்ப்புறத்திலும் பெரும்பாலும் விளிம்பு மங்கியிருக்கும். விளிம்பு எழுப்பும்போது ஒரு பக்கம் உலோகம் இல்லாததால் மறுபக்கத்தில் போதிய அழுத்தம் விழாது. யாரோ வீட்டில் அரத்தால் ராவிய நாணயத்தில் எதிர்ப்பக்க விளிம்பு கம்பீரமாக நிற்கும்.

அடுத்தது, ‘இரட்டை எழுத்து’. அமெரிக்காவின் 1955ஆம் ஆண்டு ஒரு சென்ட் இதில் புகழ்பெற்றது. அச்சு தயாரிக்கும்போதே உருவம் சற்று விலகி இரண்டு முறை பதிந்துவிட்டது. அந்த அச்சில் அடித்த 20,000க்கும் மேற்பட்ட நாணயங்கள் மக்கள் கைக்குப் போயின. எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான இரட்டிப்பு. எழுத்துகள் உருண்டையாக, தனித்தனியாக, வெறுங்கண்ணுக்கே தெரியும். ஆனால் நமக்கு வரும் படங்களில் பெரும்பாலும் இருப்பது வேறு. அழுத்திய பிறகு அச்சு லேசாக ஆடியதால் எழுத்தின் ஓரம் தட்டையாக, படிக்கட்டு போல் நசுங்கியிருக்கும். எழுத்து தடிப்பதற்குப் பதில் மெலிந்திருக்கும். இது எல்லா நாட்டு அச்சகங்களிலும் அன்றாடம் நடப்பது. இதற்காகக் கூடுதலாகக் காசு கொடுப்பவர் அரிது. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் வித்தியாசத்தைப் பத்து நிமிடத்தில் பழகிக்கொள்ளலாம்.

நம் சிங்கப்பூர் நாணயங்களில் பிழை என்று தவறாக நினைக்கப்படுபவை பல. பழைய ஒரு காசு சிலவற்றில் காந்தம் ஒட்டும், சிலவற்றில் ஒட்டாது. காரணம், 1967ல் அது வெண்கலம். 1976 முதல் செம்பு போர்த்திய எஃகு. 1971ஆம் ஆண்டு ஐந்து காசு ஒன்று வெள்ளை வெளேரென்று, இறகு போல் லேசாக இருக்கும். அது தவறான உலோகத்தில் அடித்ததல்ல. ஐநா உணவு, வேளாண் அமைப்பையொட்டி அலுமினியத்தில் வெளியிட்ட நாணயம். மீன் படம் போட்டிருக்கும்.

மலர் வரிசை நாணயங்களில் சிங்கப்பூர் சின்னத்தின் கீழே உள்ள நாடாவைப் பாருங்கள். 1991 வரையிலானவற்றில் நடுப்பகுதி ஒரு திசையில் வளையும்; 1992 முதல் அதற்கு எதிர்த்திசையில் வளையும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று ‘தலைகீழாக’ அச்சானதுபோல் தோன்றும். உண்மையில் அது வடிவ மாற்றம். இரண்டு வகையும் ஏராளம். அதுபோலவே, 2013ல் வந்த மூன்றாம் வரிசை 50 காசின் எடை 6.56 கிராம். அதற்கு முந்தைய வரிசையில் 7.29 கிராம். புதியதில் எஃகு இருப்பதால் காந்தம் ஒட்டும். எடை குறைந்தது, காந்தம் ஒட்டுகிறது என்று பதறவேண்டாம். ஒப்பிடும்போது ஒரே வரிசை நாணயத்தோடு ஒப்பிட வேண்டும். அமெரிக்க நாணயத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் மறுபக்கம் தலைகீழாகத் தெரியும். அதுவும் பிழையல்ல, அவர்கள் வழக்கம்.

வடிவ மாற்றத்தைப் பிழை என்று நினைப்பது ஏமாற்றம் தரும், அவ்வளவுதான். போலி என்று நினைத்தால் அன்றாட வாழ்க்கையே சிக்கலாகிவிடும். இந்தியாவின் 10 ரூபாய் நாணயத்தில் முதலில் 15 கதிர்கள் இருந்தன. புதிய ரூபாய்க் குறியீடு வந்தபோது 10 கதிர்களாயின. ‘ஒன்று கள்ளக் காசு’ என்று வதந்தி பரவி, தமிழகத்தில் பல கடைகளும் பேருந்துகளும் அதை வாங்க மறுத்தன. 14 வடிவங்களும் செல்லும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்க வேண்டியிருந்தது.

உண்மையான பிழை அகப்பட்டால் என்ன விலை? பிரிட்டனின் அரச நாணயச்சாலை 2008ல் வடிவங்களை மாற்றியது. 20 பென்ஸ் நாணயத்தில் ஆண்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இடம் மாறியது. பழைய முன்பக்க அச்சோடு புதிய பின்பக்க அச்சு சேர்ந்துவிட்டதால், ஆண்டே இல்லாத நாணயங்கள் வெளியாயின. இதை நாணயச்சாலையே ஒப்புக்கொண்டது. உலகமே பேசிய இந்தப் பிழை நாணயம் சந்தையில் போவது பல பத்து பவுண்டுகளுக்கு, லட்சங்களுக்கு அல்ல. இணையத்தில் விற்பவர் கேட்கும் விலை வேறு, விற்று முடிந்த விலை வேறு. நான் பார்ப்பது இரண்டாவதை மட்டும்தான்.

இதையெல்லாம் நான் எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் புளோக்கில் ஏழாம் மாடியில் இருக்கும் அக்கா ஒருநாள் மின்தூக்கி அருகே நிறுத்திக் கேட்டார்: “தம்பி, வைஷ்ணோ தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய் காசு பத்து லட்சம் போகுமாமே?” தஞ்சாவூரில் உள்ள அவருடைய நாத்தனாரிடம் அந்த நாணயம் இருந்தது. தொலைபேசியில் ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் பதிவுக் கட்டணம் என்று 3,500 ரூபாய் வாங்கிவிட்டார். அடுத்து ‘வரி’ என்று 12,000 ரூபாய். அதைத்தான் அக்கா இங்கிருந்து அனுப்பவிருந்தார்.

அது 2012ல் வெளியான நினைவு நாணயம், பிழையே இல்லை என்று சொன்னேன். அதைவிட அவருக்குப் பயன்பட்டது வேறொரு கேள்வி: “அக்கா, மார்க்கெட்டில் மீன் வாங்க வருகிறவர் மீன்காரரிடம் பணம் கேட்பாரா?” வாங்குபவர்தான் காசு தரவேண்டும். இந்த மோசடி எவ்வளவு பரவியது என்றால், தன் பெயரையும் சின்னத்தையும் காட்டிக் கட்டணமும் வரியும் கேட்கிறார்கள், நாங்கள் இத்தகைய வியாபாரத்தில் ஈடுபடுவதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அக்கா 12,000 ரூபாயை அனுப்பவில்லை. முதலில் போன 3,500 திரும்பவில்லை. நாத்தனாரின் மகள் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் அது.

வீட்டில் பழைய காசுப் பெட்டி இருந்தால் பிள்ளைகளோடு உட்காருங்கள். ஒரு காந்தம், கிராமில் இரண்டு தசமம் காட்டும் சிறிய தராசு, ஒரு லென்ஸ் போதும். எதையும் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். உண்மையிலேயே மதிப்புள்ளது இருந்தால் அதன் மதிப்பு அங்கேயே போய்விடும். சந்தேகப்படும்படி ஒன்று அகப்பட்டால் அதே வரிசை, அதே மதிப்புள்ள நாணயத்தை அருகில் வைத்து நிறுத்துப் பாருங்கள். அச்சகத்தில் இது எப்படி நேர்ந்திருக்கும் என்று பிள்ளையையே விளக்கச் சொல்லுங்கள். விளக்க முடிந்தால் நாணயம் விற்கும் கடைகள் இரண்டில் காட்டுங்கள். முடியாவிட்டால் கவலை வேண்டாம். ஐம்பது காசு ஐம்பது காசுதான், காப்பிக்கடையில் வாங்கிக்கொள்வார்கள்.