சினிமா புத்தகம் என்றால் குப்பையா?

"பொம்பளைங்க சினிமா புத்தகம் படிச்சா குடும்பம் உருப்படுமா?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதே ஆட்கள்தான் ராத்திரி பன்னிரண்டு மணி வரை செல்போனில் சினிமா செய்தி பார்ப்பது. அது மட்டும் கணக்கில் வராதாம்!

என் மாமியார் அஞ்சாவதோடு நின்றவர். படித்த எழுத்து மறக்காமல் இருந்ததே ‘பொம்மை’யால்தான் என்பார். ‘அம்புலிமாமா’ போட்டவர்களே 1966-ல் கொண்டுவந்த பத்திரிகை அது. மாமாவுக்கு மில்லில் சம்பளம் வந்ததும் உக்கடம் பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு வாங்கி வருவாராம். முதலில் படம் பார்ப்பது, அப்புறம் படத்துக்குக் கீழே உள்ள வரி, அப்புறம் கேள்வி பதில், கடைசியில் முழுப் பேட்டி. லைன் வீட்டில் ஒரு புத்தகம் அஞ்சாறு பெண்கள் கை மாறுமாம். எந்தப் பள்ளிக்கூடம் இப்படிச் சொல்லிக் கொடுத்தது, சொல்லுங்க?

1968-ல் ‘பொம்மை’க்காக எம்.ஜி.ஆரைப் பேட்டி எடுத்தவர் ஜெயலலிதா. ஒரு நடிகை கேள்வி கேட்க, கதாநாயகன் பதில் சொல்கிறார்! பின்னாளில் இரண்டு பேருமே முதலமைச்சர் ஆவார்கள் என்று வாங்கியவர்கள் கண்டார்களா?

கிசுகிசு எழுதி நடிகைகளை நோகடித்ததற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அப்படி எழுதிய லட்சுமிகாந்தன் 1944-ல் கொலையானதும், அந்த வழக்கில் பாகவதரும் என்.எஸ்.கே.யும் சிறைக்குப் போய் 1947-ல் விடுதலையானதும் பெரியவர்களுக்குத் தெரியும். ஆனால் 1942-ல் தொடங்கிய ‘பேசும் படம்’ முதலானவற்றை அதோடு ஒரே கூடையில் கொட்டலாமா?

நம்ம கோயமுத்தூரிலேயே சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா ஸ்டுடியோ இருந்தன. 1954-ல் வந்த ‘மலைக்கள்ளன்’ பட்சிராஜா எடுத்ததுதான். இதையெல்லாம் என் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஸ்டுடியோ போய்விட்டது. பழைய புத்தகம் தவிர வேறெதைக் காட்டி நம்ப வைப்பது?

அதையும் எடைக்குப் போட்டுவிடுகிறோம். போன பொங்கலுக்குக் காப்புக் கட்டும் முன்பு வீடு ஒதுங்க வைக்கும்போது, அட்டாலியில் இருந்த கட்டை என் நாத்தனார் பழைய பேப்பர்காரரிடம் தூக்கிக் கொடுக்கப் பார்த்தார். தராசில் ஏறியதை நான்தான் இறக்கினேன். கிடைக்கிற நூறு ரூபாய் ஒரு வேளை காய்க்குக் காணாதுங்க.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரணிலும் இருந்தால் விற்காதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று ஒன்று 1994 முதல் இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்து வைத்ததில் பிறந்த நூலகம். அங்கே கேட்டுப் பாருங்கள். நம்ம ஊர் நூலகமும் இதற்கென்று ஒரு அலமாரி ஒதுக்கினால் சென்னைக்கு அனுப்பவே வேண்டாம்.

மாமியாரோ, "நான் இருக்கிற வரைக்கும் இங்கயே கெடக்கட்டும் அம்மிணி" என்கிறார். இருக்கட்டும். அதன் பிறகு யாரிடம் போக வேண்டும் என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கட்டின் மேலேயே வைத்துவிட்டேன்.

– ஒரு வாசகி, சிங்காநல்லூர், கோவை.