சம்பாதி காட்டிய வழி

தேனி மாவட்டத்து அனுமந்தன்பட்டி, அனுமனின் திருநாமத்தைத் தாங்கிய ஊர். மலைகள் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கில் வெயில் ஏறியதும் கருடன் சிறகசைக்காமலேயே வட்டமிட்டு உயரும். அடியவர் கன்னத்தில் போட்டுக்கொள்வர். சூடேறிய நிலத்திலிருந்து மேலெழும் காற்றே அதனைத் தாங்குகிறது. அக்காற்று கண்ணுக்குப் புலப்படாது. வட்டமிடும் பறவையே அதற்கு அடையாளம்.

இமாசலப் பிரதேசத்துப் பீர் பில்லிங் மலையிலிருந்து எஞ்சின் இல்லாத பாராகிளைடரில் பறப்போர், இமயத்துப் பாறு கழுகுகள் வட்டமிடும் இடத்தை நாடிச் சென்று தாமும் அங்கே சுற்றி உயர்கின்றனர். இதில் நாணம் என்ன? வாயு மைந்தனுக்கே இலங்கை இருக்குமிடம் சொன்னவர் கழுகரசர் சம்பாதி அன்றோ! தம்பி சடாயுவைக் கதிரவனின் வெம்மையிலிருந்து காக்கப் போய்ச் சிறகு கருகிய முதியவர். பறக்க இயலாத நிலையிலும், கடலுக்கு அப்பால் சீதாபிராட்டி சிறையிருப்பதைக் கண்டு உரைத்தார். இராம காரியத்துக்கு உதவிய அக்கணமே அவருக்குச் சிறகுகள் மீண்டும் முளைத்தன.

அக்குலத்துப் பறவைகள் நம் சமவெளிகளில் பெருமளவு மடிந்தன. மாடுகளுக்கு வலிநீக்கியாகத் தரப்பட்ட டைக்ளோஃபினாக் மருந்து, இறந்த மாட்டை உண்ட கழுகின் சிறுநீரகத்தை அழித்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. தமிழகத்தில் அவை கூடுகட்டி வாழும் முக்கிய இடமாக இன்று எஞ்சியிருப்பது நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கு.