ஷூவுக்கு நாலாயிரம், சாக்ஸுக்கு நாற்பதா?

லீவுக்கு ட்ரெக் பிளான் போடும் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரே விவாதம்தான்: எந்த ஷூ வாங்கலாம்? 2024-இல் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்ததிலிருந்து நம்ம காலேஜிலும் மலையேறும் கூட்டம் கூடிவிட்டது. ஷூவுக்கு நாலாயிரம் கொடுக்கத் தயங்காத ஆள், சாக்ஸ் என்றதும் பிளாட்பாரத்தில் ‘மூணு ஜோடி நூறு’ தேடுகிறார். என்னைக் கேட்டால், ஷூவில் ஒரு ஐநூறைக் குறைத்து சாக்ஸில் போடுங்கள்.

கொப்புளம் எப்படி வருதுன்னு பாருங்க. வியர்வையில் ஊறிய தோல் மெத்தென்று ஆகிவிடும், உராய்வும் கூடும். ஈரத் துணி தோலைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே எலும்பு ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் நகரும். நடுவில் மாட்டிய தோலடுக்குகள் இழுபட்டுப் பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்ளும். செகண்ட் இயரில் படித்த அதே ஷியர்தான், இப்போது உங்கள் குதிகாலில்.

“வெள்ளியங்கிரிக்கு வெறுங்காலோட ஏறுறாங்களே, அவங்க என்ன சாக்ஸா போட்டாங்க?” நியாயமான கேள்வி. ஆனால் வெறுங்காலை எதுவும் மூடி வியர்க்க வைப்பதில்லை, குதிகாலில் எதுவும் உரசுவதும் இல்லை. ஷூ போட்ட பிறகுதான் சாக்ஸ் பிரச்சினையே வருது.

‘காட்டன்தான் உடம்புக்கு நல்லது’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். டீ-ஷர்ட்டுக்கு சரி, மலைக்கு வேண்டாம். சாதாரண காற்றிலேயே காட்டன் தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்; நைலான் 4 சதவீதம், பாலியெஸ்டர் ஒரு சதவீதம்கூட இல்லை. கம்பளி 16 சதவீதம்! அப்போ கம்பளிதானே மோசம்? இல்லை. கம்பளி ஈரத்தை இழைக்குள்ளே வாங்கிக்கொண்டும் துள்ளலாகவே இருக்கும். காட்டன் நனைந்தால் தொய்ந்து, மடிந்து, காலோடு ஒட்டிக்கொள்ளும், சீக்கிரம் காயவும் காயாது.

தடிமனா இருந்தா நல்லா உழைக்கும் என்பது அடுத்த நம்பிக்கை. உழைப்பதற்குத் தடிமனைவிட நெருக்கம் முக்கியம். அதிக ஊசிகள் உள்ள மெஷினில் பின்னினால் கண்ணிகள் சின்னதாக, நெருக்கமாக விழும். மெல்லிய சாக்ஸும் தேயாமல் நிற்கும். கூடவே நைலான் கலந்திருக்கணும். நைலான்னாலே மட்டம் என்று நினைக்காதீர்கள். உரசலைத் தாங்குவதில் சாதாரண இழைகளில் அதை அடிக்க ஆள் இல்லை. விலை உயர்ந்த மெரினோ கம்பளி சாக்ஸிலும் அதைச் சேர்ப்பது இதற்காகத்தான். தனி மெரினோ மென்மையாக இருக்கும், சீக்கிரம் ஓட்டையும் விழும்.

கடையில் கையை உள்ளே விட்டு, போன் டார்ச்சைப் பின்னால் பிடியுங்கள். குதிகாலிலும் விரல் நுனியிலும் மற்ற இடத்தைவிட வெளிச்சம் குறைவாக வந்தால் அங்கே இழை கூடுதலாக இருக்கு. உள்பக்கம் திருப்பி விரல் தையலைத் தடவுங்கள். கயிறு மாதிரி தட்டுப்பட்டால் வைத்துவிடுங்கள், இறக்கத்தில் அது உங்கள் சுண்டுவிரலைப் பதம் பார்க்கும். ‘ஃப்ரீ சைஸ்’ வேண்டவே வேண்டாம், ஷூவுக்குள் சுருண்டுவிடும்.

மெரினோ ஒரு ஜோடியே பல நூறு ரூபாய். இமயமலைப் பக்கம் போறவங்க வாங்கட்டும். நம்ம ஊர் மலையில் ஒரு நாள் ட்ரெக்குக்கு, கணுக்காலுக்கு மேல் வரும் மெல்லிய பாலியெஸ்டர்-நைலான் கலவையில் ரெண்டு ஜோடி போதும். ஒன்று காலில், ஒன்று பையில். சாப்பாட்டுக்கு உட்காரும்போது மாற்றிக்கொள்ளலாம். நாத்தம் கொஞ்சம் வரும், அது டென்ட்டில் பக்கத்தில் படுப்பவர் கவலை. மழைக்காலத்தில் அட்டை இருக்கும் காட்டுக்குப் போனால் மட்டும் மேலே தனியாக அட்டை சாக்ஸ் மாட்டுங்கள். மெல்லிய பின்னல் வழியாக அது கடித்துவிடும்.

ஹாஸ்டல் துவைகல்லில் போட்டு பிரஷால் தேய்த்தால் எந்த சாக்ஸும் தாங்காது. உள்பக்கம் திருப்பி அலசி, நிழலில் போடுங்கள். அப்புறம், கட்டைவிரல் பக்கம் மட்டும் எப்பவும் ஓட்டை விழுதுன்னா சாக்ஸ் கம்பெனியைத் திட்டாதீங்க, நகத்தை வெட்டுங்க.