மஞ்சக்காமாலை வரலைன்னா ஹெபடைடிஸ் இல்லையா? சாத்தூர் சம்பவத்தில் கவனிக்கப்படாத இன்னொரு வைரஸ்

2018 டிசம்பரில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஹெச்ஐவி தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது தமிழ்நாட்டையே உலுக்கியது. சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் இருந்து போன ரத்தம் அது. அந்தச் செய்தியில் பலரும் கவனிக்காமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. ரத்தம் கொடுத்தவருக்கு ஹெச்ஐவியுடன் ஹெபடைடிஸ் பி-யும் இருப்பது 2016-லேயே பரிசோதனையில் தெரிந்திருந்தது. ஆனால் அந்தத் தகவல் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று அப்போது சொல்லப்பட்டது.

ரத்த தானம் செய்யும் அளவுக்கு அவர் நல்லாத்தான் தெரிந்தார். ஹெபடைடிஸ் பி-யின் சிக்கலே இதுதான்.

கண்ணு மஞ்சளாகாதா?

பலருக்கு ஆகாது. வைரஸ் வருஷக்கணக்கில் கல்லீரலில் சத்தமில்லாமல் இருக்கும். கல்லீரல் சுருக்கமோ புற்றுநோயோ வந்த பிறகுதான் சிலருக்குத் தெரியவரும். இந்தியாவில் 2022-ல் சுமார் 2.98 கோடி பேருக்கு ஹெபடைடிஸ் பி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

ஆலங்குளம் (தென்காசி மாவட்டம் இல்லீங்க, சிமென்ட் ஆலை இருக்கிற விருதுநகர் மாவட்ட ஆலங்குளம்), வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கம் பட்டாசு வேலைக்கு ஒரு நாள் போகலைன்னா அன்றைய கூலி இல்லை. உடம்புக்கு எதுவும் செய்யாதபோது யார் போய் டெஸ்ட் எடுப்பார்கள்?

அப்போ கீழாநெல்லி?

காமாலையை உண்டாக்கும் வைரஸ்களில் ஏ, இ இரண்டும் அசுத்தமான தண்ணீர், உணவு மூலம் பரவுபவை. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது! ஆனால் கர்ப்பிணிகளுக்கு ஹெபடைடிஸ் இ உயிருக்கே ஆபத்தாகலாம், வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தக் கூடாது.

ஹெபடைடிஸ் பி-க்குக் கீழாநெல்லி கைகொடுக்குமா என்று சென்னை ஆய்வாளர்கள் சோதித்த முடிவு 1988-ல் 'லான்செட்' இதழில் வந்தது. 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்ததாக அது சொன்னது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை.

எப்படிப் பரவும்? மருந்து உண்டா?

பி, சி வைரஸ்கள் ரத்தம் வழியாகப் பரவும். சுத்தம் செய்யாத ஊசி, ஒருவர் பயன்படுத்திய சவர பிளேடு, திருவிழாக் கடையில் போடும் பச்சை எல்லாமே வழிகள். பாதுகாப்பற்ற உடலுறவில் பி பரவும். ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது, அதனால் நோயாளியை ஒதுக்கத் தேவையில்லை.

பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு பி தொற்றினால், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நாள்பட்ட நோயாகிவிடும். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி. வளர்ந்தவர்களுக்கும் தடுப்பூசி உண்டு, 6 மாதத்தில் 3 தவணை. சி-க்குத் தடுப்பூசி கிடையாது, ஆனால் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகிவிடும். பி-யை முழுசாக விரட்டுவது கடினம், டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகளால் கட்டுக்குள் வைக்கலாம். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது, அதை டாக்டர்தான் முடிவு செய்வார்.

எங்கே பார்ப்பது?

தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28-ல் தொடங்கியது. இதில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அரசு மருத்துவமனையில் 'ஹெச்பிஎஸ்ஏஜி டெஸ்ட்' என்று கேளுங்கள். ரிசல்ட்டைக் கேட்டு வாங்காமல் வராதீங்க. வீட்டில் ஒருவருக்கு பி இருப்பது தெரிந்தால், மற்றவர்களும் டெஸ்ட் எடுத்து, தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.