தம்பி மன்னித்தான், தாய் கேட்டது பாக்கி

டல்லாஸ் நீதிமன்றக் காணொலியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அண்ணனைச் சுட்டுக் கொன்ற பெண் போலீஸை, நீதிபதியின் கண்முன்னே, 18 வயதுத் தம்பி கட்டிப்பிடித்து நிற்கிறான். இருவரும் விம்முகிறார்கள். 2019 அக்டோபர் 2-இல் நடந்தது. இன்றும் புனித வெள்ளி நெருங்கினால் எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் அதைப் போட்டுவிடுவார், "இதுதான் கிறிஸ்தவம்" என்ற குறிப்போடு.

நான் பாளையங்கோட்டையில் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வக்கீல். ஞாயிறு தவறாமல் சி.எஸ்.ஐ. கோயிலுக்குப் போகிறவன். அந்தத் தம்பி செய்தது கிறிஸ்தவம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே நாளில் அவனுடைய தாய் பேசியதும் கிறிஸ்தவம்தான். அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

முதலில் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். கொல்லப்பட்ட போத்தம் ஜீனுக்கு 26 வயது. கரீபியன் தீவான செயின்ட் லூசியாவில் பிறந்த கறுப்பின இளைஞர். அமெரிக்காவில் கிறிஸ்தவக் கல்வி நிறுவனமான ஹார்டிங் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, டல்லாஸில் பெரிய தணிக்கை நிறுவனம் ஒன்றில் கணக்காளராக இருந்தார். சபையில் பாட்டு நடத்துபவர். 2018 செப்டம்பர் 6 இரவு, நாலாவது மாடியில் இருந்த தன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து வெனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதே குடியிருப்பில், அவருக்கு நேர் கீழே மூன்றாவது மாடியில் குடியிருந்தவர் ஆம்பர் கைகர். டல்லாஸ் போலீஸ்காரர், வெள்ளையர். நீண்ட டியூட்டி முடிந்து சீருடையோடு வந்தவர் மாடி மாறி வந்துவிட்டார். போத்தமின் வாசலில் பளிச்சென்று சிவப்பு மிதியடி கிடந்தது. அதுவும் கைகரின் கண்ணில் படவில்லை. கதவு சரியாகச் சாத்தப்படாமல் இருந்தது. உள்ளே ஓர் உருவம் தெரிந்ததும் இரண்டு முறை சுட்டார். ஒரு குண்டு மார்பில் பாய்ந்தது. பிறகு அவசர எண்ணை அழைத்து, என் வீடு என்று நினைத்துவிட்டேன் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

தெரியாமல் நடந்த விபத்துதானே, இதில் நிறம் எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. வழக்கு போன போக்கைப் பார்த்தால் தெரியும். கைகர் கைதானது மூன்று நாள் கழித்து. அதுவும் நம்மூர்க் கணக்கில் கொலையாகாத மரணம் என்ற வகையில்தான். அது கொலைக் குற்றச்சாட்டாக மாற நவம்பர் கடைசி ஆயிற்று. சம்பவம் நடந்த இரவு போலீஸ் வண்டிக்குள் கைகரிடம் பேச வந்த போலீஸ் சங்கத் தலைவருக்காக அந்த வண்டியின் கேமரா நிறுத்தப்பட்டது. செப்டம்பர் 13-இல் போத்தமின் நல்லடக்க ஆராதனை. அன்றைய தினமே, அவருடைய வீட்டைச் சோதித்ததில் கொஞ்சம் கஞ்சா கிடைத்தது என்ற தகவல் வெளியே வந்தது. செத்தவன் வீட்டில் எதற்குச் சோதனை? கொன்றவர் வீட்டில் என்ன இருந்தது என்பது செய்தியே ஆகவில்லை. விசாரணையில் கைகரின் பழைய குறுஞ்செய்திகளும் வெளிவந்தன. அதில் ஒன்று மார்ட்டின் லூதர் கிங் நினைவு ஊர்வலத்தின் பாதுகாப்புப் பணியில் இருந்தபோது கிங்கின் சாவை வைத்து அடித்த கேலி.

டெக்சாஸ் சட்டத்தில், தன் வீட்டுக்குள் அத்துமீறி வருபவனைச் சுடுவதற்குப் பெரிய பாதுகாப்பு உண்டு. அந்தப் பாதுகாப்பைத்தான் கைகர் தரப்பு கேட்டது. தன் வீடு என்று நம்பியதால் அது தனக்கும் உண்டாம். உண்மையில் வீட்டுக்காரன் போத்தம், அத்துமீறி நுழைந்தவர் கைகர். சீருடைக்காரர் சொல்லுக்கும் கறுப்பு உடம்புக்கும் அங்கே இருக்கும் விலை வித்தியாசம் இந்த ஒரு வாதத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஜூரிகள் அதை ஏற்கவில்லை. 2019 அக்டோபர் 1-ஆம் தேதி கொலைக் குற்றவாளி என்றார்கள். 5 ஆண்டிலிருந்து ஆயுள் வரை கொடுக்கலாம். அரசுத் தரப்பு, போத்தம் உயிரோடு இருந்தால் அப்போது எத்தனை வயதோ அத்தனை ஆண்டு, அதாவது குறைந்தது 28 கேட்டது. ஜூரிகள் கொடுத்தது 10.

இங்கேதான் காணொலி ஒரு பொய்யான தோற்றத்தைக் கொடுக்கிறது. தம்பி மன்னித்ததால் தண்டனை குறைந்தது என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். டெக்சாஸ் நடைமுறைப்படி குடும்பத்தார் குற்றவாளியின் முகத்துக்கு நேரே பேசுவது தண்டனை அறிவித்த பிறகுதான். அந்தத் தம்பி, பிரான்ட் ஜீன், சாட்சிக் கூண்டில் ஏறும்போது 10 ஆண்டு முடிவாகிவிட்டது. அவன் மன்னிப்பால் ஒரு நாள்கூடக் குறையவில்லை. எனக்குத் தெரிந்தவரை மன்னிப்புக்கும் தண்டனைக்கும் இதைவிடச் சுத்தமாக வேலை பிரித்துக் கொடுத்த ஏற்பாடு இல்லை. அரசு தன் கணக்கை முடித்த பிறகு, பாதிக்கப்பட்டவன் தன் மனசை முடித்துக்கொள்கிறான்.

பிரான்ட் என்ன சொன்னான் என்பதையும் முழுசாகக் கேட்க வேண்டும். நீங்கள் உண்மையிலேயே வருந்தினால் என்ற நிபந்தனையோடுதான் மன்னிப்பைச் சொன்னான். நான் எனக்காக மட்டும் பேசுகிறேன், என் குடும்பத்துக்காக அல்ல என்றும் தெளிவாகச் சொன்னான். நீங்கள் ஜெயிலுக்குப் போவதைக்கூட நான் விரும்பவில்லை, இதைக் குடும்பத்தார் முன்னால் சொல்ல நினைத்திருக்கவில்லை என்றான். கிறிஸ்துவிடம் வாருங்கள் என்றான். பிறகுதான் நீதிபதியைப் பார்த்து, நான் இவரை அணைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். வக்கீல் நோட்டீஸில்கூட இத்தனை கவனமாக வரம்பு கட்டி எழுதுவதில்லை. குடும்பத்தை அவன் கட்டுப்படுத்தவில்லை. கறுப்பினத்தின் சார்பில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவனுக்கு இருந்த உரிமை எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் கையெழுத்துப் போட்டான். அதை ஓர் இனமே எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரமாக வாசித்தது பார்த்தவர்கள்.

தாய் அலிசன் ஜீன் அன்று பேசியதற்கு வருகிறேன். செயின்ட் லூசியா அரசில் உயர் பொறுப்பில் இருந்தவர். கைகருக்கு இந்த 10 ஆண்டு தன் வாழ்க்கையை யோசித்துப் பார்க்கக் கிடைத்த காலம், ஆனால் டல்லாஸ் நகரம் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது என்றார். இந்த வழக்கில் நாங்கள் பார்த்த ஊழல் நிற்க வேண்டும் என்றார். போலீஸுக்குக் கொடுத்த பயிற்சி வேறு மாதிரி இருந்திருந்தால் என் பிள்ளை இன்று உயிரோடு நின்றிருப்பான் என்றார். கிறிஸ்தவர்களாகிய எங்களுக்கு மன்னிப்பு என்பது எங்கள் மனக்காயம் ஆறுவதற்கு, அதற்காக நாங்கள் பட்டதெல்லாம் கணக்கில் வராமல் போய்விடக் கூடாது என்றும் சொன்னார். மகனோடு அவர் சண்டை போடவில்லை. மகன் பேசியது ஒரு பெண்ணிடம். தாய் பேசியது ஒரு நகரத்திடம்.

நகரமும் மாநிலமும் என்ன செய்தன? ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021-இல் டெக்சாஸ் சட்டமன்றம் போத்தமின் பெயரில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. விசாரணை நடக்கும்போது போலீஸார் தங்கள் உடல் கேமராவை இஷ்டத்துக்கு நிறுத்த முடியாது. அதே ஆண்டு லாமர் தெருவின் ஒரு நீண்ட பகுதிக்கு அவர் பெயர் வைத்தார்கள். டல்லாஸ் போலீஸ் தலைமையகம் இருப்பது அந்தப் பகுதியில்தான், ஆகவே அவர்களுடைய முகவரியே இப்போது போத்தம் ஜீன் சாலை. இவை மன்னிப்பால் வந்தவை அல்ல. குடும்பமும் அவர்களோடு நின்றவர்களும் விடாமல் கேட்டதால் வந்தவை.

ஆனால் பொறுப்பு என்று வந்தபோது நகரம் நழுவிவிட்டது. குடும்பம் போட்ட நஷ்டஈட்டு வழக்கில் மாநகராட்சியும் ஒரு பிரதிவாதி. அதை நீதிமன்றம் ஆரம்பத்திலேயே விடுவித்துவிட்டது. 2024 நவம்பரில் ஜூரிகள் கிட்டத்தட்ட 10 கோடி டாலர் கொடுக்கச் சொன்னார்கள். கொடுக்க வேண்டியவர் சிறையில் இருக்கும் கைகர் ஒருவர். அவரிடம் எங்கே இருக்கிறது? நிறைவேற்ற முடியாத தீர்ப்பாணையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் கட்சிக்காரர்களை எங்கள் கோர்ட்டு வராந்தாவிலும் தினமும் பார்க்கலாம்.

அந்தத் தம்பியையும் நம் ஆட்கள் பாதியில் விட்டுவிட்டார்கள். 2019 டிசம்பரில் போலீஸ் பயிற்சி நிறுவனம் ஒன்று அவனுக்கு ஒரு விருது கொடுத்தது. மேடையேறியவன் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடவில்லை. நான் உங்களுக்கு ஆபத்தானவன் அல்ல, கறுப்பின இளைஞர்கள் பிறவியிலேயே குற்றவாளிகள் அல்ல என்று கூடியிருந்த அதிகாரிகளிடமே சொன்னான். நியாயத்துக்கும் பொறுப்புக்கும் நீங்கள் முன்னால் நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டான். அணைத்ததைப் பார்த்த கோடிக்கணக்கானவர்களில் இந்தப் பேச்சைக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

நீதிபதி டாமி கெம்ப் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. அவரும் கறுப்பினப் பெண். இருக்கையை விட்டு இறங்கி வந்து, தன் சொந்த வேதாகமத்தைக் கைகருக்குக் கொடுத்து, யோவான் 3:16-ஐக் காட்டி, கட்டியும் அணைத்தார். வழக்கு முடிந்த பிறகுதான், அதுவும் கைகர் கேட்டதால்தான் என்பது அவருடைய விளக்கம். இருக்கட்டும். தம்பியின் அணைப்பு அவன் சொத்து, யாருக்கும் கொடுப்பான். நீதிபதியின் அங்கி மக்களுடையது. கைகர் செய்ததைவிடச் சின்னக் குற்றத்துக்கு அவரைவிட நீண்ட தண்டனை அனுபவிக்கும் கறுப்பர்கள் டெக்சாஸ் சிறைகளில் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு நீதிபதி இறங்கி வந்தார்? கைகருக்கு இன்னும் அதிகம் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடிச் சம்பாதிப்பவன் நான், இரக்கம் எனக்குப் பிடித்த சரக்கு. அது ஒரு நிறத்துக்கு மட்டும் ரேஷன் இல்லாமல் கிடைப்பது ஏன் என்றுதான் கேட்கிறேன்.

2015-இல் சார்ல்ஸ்டன் நகரிலும் இதே கதைதான். எமானுவேல் ஆலயத்தில் புதன்கிழமை வேதபாடத்துக்குக் கூடியிருந்த கறுப்பர்களோடு ஒரு வெள்ளை இனவெறியன் வந்து உட்கார்ந்தான். அவனுக்கும் இடம் கொடுத்தார்கள். ஜெபிக்கக் கண்ணை மூடியபோது சுட்டான், 9 பேர் செத்தார்கள். இரண்டே நாளில் ஜாமீன் விசாரணையில் உறவினர்கள் சிலர் மன்னிக்கிறோம் என்றார்கள். உலகம் மெச்சியது. ஒரே தாயை இழந்த இரண்டு மகள்களில் ஒருவர் அன்றே மன்னித்தார், மற்றவருக்கு வருஷங்கள் பிடித்தன என்பதை எத்தனை பேர் சொன்னார்கள்? பின்னணிச் சோதனை முடியாமலே அவன் துப்பாக்கி வாங்கக் காரணமான ஓட்டையை அடைக்கப் பிரதிநிதிகள் சபை இரண்டு முறை மசோதா நிறைவேற்றியது. செனட் அதை நகர்த்தவில்லை. மன்னிப்பு இரண்டு நாளில் வந்துவிட்டது. சட்டத்துக்கு இன்னும் வாய்தாதான்.

இது நமக்கு அந்நிய சமாசாரம் அல்ல. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சாதிச் சண்டையில் ஒருவனை வெட்டிப் போட்டால், சட்டப்படி கொலை வழக்கில் ராஜி கிடையாது. ஆனாலும் பெரியவர்கள் வெட்டுப்பட்டவன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவார்கள். "போன உசிரு திரும்பியா வரப்போவுது? விட்டுக்கொடுத்துப் போங்க அண்ணாச்சி, ஆண்டவர் பாத்துக்கிடுவாரு." வருகிறவர் கிறிஸ்தவராக இருந்தால் வசனமும் சேர்ந்து வரும். அந்தத் திண்ணைப் பேச்சு சில மாதம் கழித்துப் பிறழ்சாட்சியாக எங்கள் கோர்ட்டுக்கு வந்து சேரும். வெட்டியவன் வீட்டுக்குப் போய், "செஞ்சத ஒத்துக்கோ தம்பி" என்று சொல்லும் பெரியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஏழெழுபது தரம் மன்னிக்கிற பாடம் எப்போதும் அடி வாங்கிய தெருவில்தான் நடக்கிறது.

வேதாகமத்தின் முதல் கொலை வழக்கில் தேவன் இப்படி நடந்துகொள்ளவில்லை. ஆபேலின் தாய் தகப்பனிடம் போய், காயீனை மன்னித்துவிடுங்கள் என்று அவர் கேட்கவே இல்லை. நேரே காயீனிடம் போய், உன் தம்பி எங்கே என்றுதான் கேட்டார். காயீன் மழுப்பியபோது, மண்ணில் சிந்திய ரத்தம் தன்னிடம் முறையிடுவதாகச் சொன்னார். ஊரை விட்டுத் துரத்தினார், அதே சமயம் யாரும் அவனைக் கொல்லாதபடி ஓர் அடையாளமும் போட்டார். விசாரணை, தண்டனை, இரக்கம் மூன்றும் அந்த ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. முதலில் வருவது விசாரணை.

பிரான்ட் கடைசிப் பங்கைச் செய்தான். முதல் பங்கைக் கேட்டவர் அலிசன். ஆகவே சபைகளுக்கு என் வேண்டுகோள் இது. அந்தக் காணொலியைப் போடுங்கள், கூடவே அந்தத் தாய் பேசியதையும் போடுங்கள். மன்னிக்கலாமா, எப்போது மன்னிக்கலாம் என்பதைப் பறிகொடுத்தவர்கள் முடிவு செய்யட்டும். அவர்களுக்கு அவசரம் காட்ட நமக்கு உரிமை இல்லை. நம் பிரசங்கத்தை எதிர்த்தெருவுக்குக் கொண்டுபோவோம். அங்கே சொல்ல வேண்டிய செய்தி மனந்திரும்புதல், அதுவும் சுவிசேஷம்தான்.