சாக மறந்த கலங்கள்

பிறந்த குழந்தையின் கைவிரல்களை எண்ணிப் பார்த்து மகிழாத தாய் உண்டோ? அவ்விரல்கள் முளைவிட்டு வளர்ந்தன என்றே நாம் எண்ணியிருக்கின்றோம். அது பாதி உண்மையே. தாய் வயிற்றில் ஆறாம் வாரத்திலே சிசுவின் கை, துடுப்பைப் போலத் தட்டையாக இருக்கின்றது. பின்னர் விரல்களுக்கு இடைப்பட்ட கலங்கள் மாண்டொழிய, எட்டாம் வார முடிவில் ஐந்து விரல்களும் பிரிந்து நிற்கின்றன. வாத்தின் காலில் அக்கலங்கள் பெரும்பாலும் மாள்வதில்லை. ஆதலால் அதற்கு நீந்துதற்குரிய சவ்வு எஞ்சுகின்றது.

கலங்கள் பெருகுமாற்றை மாணவர் அறிவர். ஒரு கலம் இரண்டாவதற்கு நான்கு அவத்தைகளைக் கடத்தல் வேண்டும். முதலில் வளர்கின்றது, அடுத்துத் தன் டி.என்.ஏ.யை முழுவதும் படியெடுக்கின்றது. மீண்டும் சிறிது வளர்ந்து, எடுத்த படியைச் சரிபார்க்கின்றது. அதன் பின்னரே பிரிகின்றது. ஆய்வுகூடத்தில் வளரும் மனிதக் கலத்துக்கு இச்சுற்று முடிய ஏறத்தாழ 24 மணி நேரம் செல்லும். நுணுக்குக்காட்டியில் நாம் கண்டு வியக்கும் பிரிவுக்கோ ஒரு மணி நேரமே போதும். கலியாண வீட்டிலே எல்லாரும் காண்பது தாலி கட்டும் வேளையையே. முதல்நாள் இரவெல்லாம் அடுக்களையில் நடந்தது யார் கண்ணிற் படுகின்றது?

டி.என்.ஏ. பழுதுற்றால், பி53 என்னும் புரதம் இச்சுற்றை நிறுத்திவிடுகின்றது. பழுது திருந்துமாயின் கலம் பிழைக்கும். திருந்தாதாயின் தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும். அச்சாவிலும் ஓர் ஒழுங்கு உண்டு. தீக்காயத்தால் மாளும் கலம் வெடித்து, உள்ளிருப்பதைக் கொட்டி, அயலையும் புண்ணாக்கும். இதுவோ சுருங்கி, தன் நடுவிலுள்ள கருவைத் துண்டாக்கி, சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிகின்றது. அயற்கலங்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. 1972 இல் ஜோன் கேரும் அவர் தோழர் இருவரும், உதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் இதற்கு 'அப்பொப்டோசிஸ்' எனப் பெயரிட்டனர்.

இக்காவல் நீங்கினால் யாதாகும்? 1951 இல் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரிலே, ஹென்றியெற்றா லாக்ஸ் என்னும் பெண்ணின் கருப்பைக் கழுத்திலிருந்து புற்றுநோய்க் கலங்கள் சில, அவரது சம்மதம் பெறாமலே ஆய்வுக்கு எடுக்கப்பட்டன. பி53 புரதத்தை அழிக்கும் வைரசு ஒன்று அக்கலங்களிற் குடிகொண்டிருந்தது. அவை நாளுக்கு ஒருமுறை இரட்டித்தன. அவ்வாண்டு ஒக்டோபரில், 31 வயதில், ஐந்து பிள்ளைகளை விட்டு அத்தாய் மறைந்தார். கலங்களோ இன்றும் உலகெங்கும் ஆய்வுகூடங்களிற் பெருகுகின்றன. போலியோத் தடுப்பு மருந்தின் சோதனைக்கும் அவை உதவின. அவர் குடும்பத்தார் இதனை அறிந்தது 1973 இலேதான். அதனை நியாயமென்று நாம் சொல்லமாட்டோம்.