மாத்திரையா, ராத்திரியா?

"உன் பாட்டிக்கு இப்பல்லாம் எதுவுமே ஞாபகம் இல்லைடி. நேத்து சொன்னது இன்னிக்கு நிக்க மாட்டேங்குது."

பொங்கலுக்கு ஊருக்குப் போய் பையைக்கூட இறக்கவில்லை, அம்மா சொன்ன முதல் செய்தி இது. ஹாலில் பாட்டி டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். சீரியல் சத்தம் தெருமுனை வரை கேட்டது. பக்கத்தில் போய், "மாத்திரை போட்டாச்சா பாட்டி?" என்றேன்.

"ராத்திரிதான் வந்தியா?" என்றார்.

வீடே சிரித்தது. பாட்டியும் சேர்ந்து சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மாத்திரை, ராத்திரி ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். இது மறதியா, காதா?

டிமென்ஷியா என்ற மறதிநோய் பற்றி அலுவலகத்தில் ஒரு செய்திக்காகப் படித்துக்கொண்டிருந்ததால்தான் எனக்கு இந்தச் சந்தேகம் வந்தது. இந்தியா முழுக்க நடத்தப்பட்ட லாசி-டேட் ஆய்வின் கணிப்புப்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு இந்தப் பாதிப்பு இருக்கிறது. அதாவது, சுமார் 88 லட்சம் பேர். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகாததுகூட ஒரு காரணம் என்கிறார்கள். மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட என் பாட்டிக்கு அதில் என்ன செய்ய முடியும்?

ஆனால், செய்ய முடிந்தவையும் இருக்கின்றன. 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024-ல் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால், உலகில் 45 சதவிகித டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்பது அவர்கள் கணக்கு. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, மது, தனிமை, காற்று மாசு என நாம் எதிர்பார்ப்பவைதான் அதில் பெரும்பாலும். நான் எதிர்பார்க்காதது, காது கேளாமை. பட்டியலிலேயே பெரிய பங்கு வகிப்பவற்றில் அதுவும் ஒன்று.

காதுக்கும் ஞாபகத்துக்கும் என்ன சம்பந்தம்? அரைகுறையாக விழும் சத்தத்தை வைத்து முழுச் சொல்லைப் பிடிக்க மூளை கூடுதலாக உழைக்கிறது. கேட்டதை மனதில் பதித்துக்கொள்ள மிச்சம் இருப்பது குறைகிறது. இன்னொன்று, "என்ன சொன்னே?" என்று நாலு தடவை கேட்டு நாலு தடவையும் எரிச்சலை வாங்கிக்கட்டிக்கொண்டவர், ஐந்தாவது தடவை கேட்க மாட்டார். பேச்சிலிருந்து ஒதுங்கி, தனிமைக்குள் போய்விடுவார். தனிமையும் அதே பட்டியலில்தான் இருக்கிறது!

அப்படியென்றால் மெஷின் மாட்டினால் மறதி வராதா? அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரிடம் இதைச் சோதித்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று வருடங்களில், மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால், மறதிக்கான ஆபத்து ஏற்கெனவே அதிகமாக இருந்த ஒரு பிரிவினரிடம், காது மெஷினும் ஆலோசனையும் பெற்றவர்களுக்கு மூளைத்திறன் சரிவு 48 சதவிகிதம் குறைவாக இருந்தது. பல இடங்களில் இந்த 48 மட்டும்தான் தலைப்பானது. (நானாக இருந்தாலும் அப்படித்தான் தலைப்பு வைத்திருப்பேன், மன்னிக்கவும்.)

நம் ஊரில் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. வீட்டுக்கே வந்து பி.பி, சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கும் அந்த அக்காக்கள், மறதிநோய் என்ற பெயரைச் சொல்லாமலே அதற்கான தடுப்பு வேலையையும் செய்துகொண்டிருக்கிறார்கள். மாத்திரையைத் தட்டிக் கழிக்கும் தாத்தாக்களுக்கு, "இது இதயத்துக்கு மட்டுமில்ல, மூளைக்கும்தான்" என்று சொல்லிப் பாருங்கள். அக்கா வரும்போது காது விஷயத்தையும் நாமே கேட்டுவிடலாம். காது - மூக்கு - தொண்டை மருத்துவர் முதலில் பார்ப்பது அழுக்கு அடைத்திருக்கிறதா என்றுதான். சிலருக்குப் பிரச்னை அதோடு தீர்ந்துவிடும். மெஷின் தேவைப்படுகிற, வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள முதியவர்களுக்கு, மத்திய அரசின் 'ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா' திட்டத்தில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஆன்லைனில் கிடைக்கும் மலிவான சத்தப்பெருக்கியை வாங்கிக் கொடுத்து, 'பாட்டிக்கு ஒத்துக்கல' என்று முடித்துவிடாதீர்கள். காதைப் பரிசோதித்து, அளவுக்கேற்ப அமைத்துக் கொடுப்பதுதான் மெஷின்.

காது மட்டும்தான் காரணம் என்று நினைத்து விட்டுவிடவும் கூடாது. நாற்பது வருடமாக வைத்த ரசத்துக்கு அடுத்து என்ன போடுவது என்று திகைத்து நிற்பது, தெரிந்த தெருவிலேயே வழி தவறுவது, காசு கணக்கில் குழம்புவது... இவையெல்லாம் 'வயசாச்சு' கணக்கில் சேராது. மருத்துவரிடம் போனால் பி12, தைராய்டு, மனச்சோர்வு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். மறதிபோலத் தெரிகிற இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. முதியோருக்கான 14567 என்ற இலவச உதவி எண்ணிலும் வழிகாட்டுதல் கேட்கலாம்.

பாட்டிக்கு இரண்டு காதிலும் குறைபாடு இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. மெஷின் வந்து ஆறு வாரம் ஆகிறது. முதல் நாள், "குக்கர் இவ்வளவு சத்தமாவா கத்தும்?" என்று கழற்றி டப்பாவில் வைத்துவிட்டார். இப்போதும் பாதி நாள் டப்பாவில்தான் இருக்கிறது. ஆனால், சாயங்காலம் அத்தை போன் பண்ணுகிற நேரத்துக்கு யாரும் சொல்லாமலே எடுத்து மாட்டிக்கொள்கிறார். சில விஷயங்களை இன்னமும் இரண்டு தடவை கேட்கிறார். ஞாபகத்திறன் பரிசோதனைக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.